.45 கோல்ட் ரிவால்வருக்கு வீட்டில் வார்த்த ஈயக் குண்டு: எந்த அளவுக்கு சைஸ் செய்வது?

சான் ஆன்டோனியோ தம்பி

எல்லோருக்கும் வணக்கம். போன வருஷம் .45 கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் ஒன்று வாங்கினேன். ஏழரை அங்குலக் குழல். கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை என்று ரீலோடிங்கில் (சுட்ட தோட்டா உறையை மறுபடி நிரப்புவது) இறங்கினேன். அப்புறம் ஈயம் வார்க்கவும் ஆரம்பித்துவிட்டேன். ஆறு குழி அலுமினிய மோல்டு, 255 கிரெய்ன் எடையுள்ள தட்டைமூக்குக் குண்டு. ஈயம் முழுக்க டயர் கடையில் வாங்கிய பழைய வீல் வெயிட் (சக்கரத்தைச் சமன் செய்ய மாட்டும் கட்டி). மோல்டிலிருந்து விழும் குண்டு 0.4535 அங்குலம் இருக்கிறது. அதை 0.452 டையில் (துளை அச்சு) தள்ளி அந்த அளவுக்கு சைஸ் செய்து, மேலே திரவ லூப் (உராய்வைக் குறைக்கும் பூச்சு) பூசிக் காயவைக்கிறேன்.

இருபது தோட்டா சுட்டதும் குழலுக்குள் ஈயம் படிந்துவிடுகிறது. அதுவும் சிலிண்டரை ஒட்டிக் குழல் ஆரம்பிக்கும் இடத்தில்தான் அதிகம். விளக்கு அடித்துப் பார்த்தால் வரிவரியாக வெள்ளிச் சரிகை ஒட்டின மாதிரி தெரிகிறது. பிரஷ் போட்டுத் தேய்த்து எடுக்க ஒரு மணி நேரம் ஆகிறது. 25 கெஜத்தில் ஐந்து குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுகின்றன.

சுடும் பயிற்சி ரேஞ்சில் ஒருவர், "உன் ஈயம் மெத்து, லினோடைப் (அச்சு எழுத்து வார்க்கும் ஈயக் கலவை) கலந்து கடினமாக்கு" என்றார். வாங்கலாமா?

ஈயச்சட்டி

தம்பி, லினோடைப்புக்குக் காசு போடாதே. 25 வருஷமாக அரிசோனாவில் வார்க்கிறேன். புதிதாக வருகிற எல்லோருக்கும் முதலில் கிடைக்கிற யோசனை இதுதான், பாதிக்கு மேல் தப்பாகப் போவதும் இதுதான்.

சுத்த ஈயத்தின் பிரினெல் கடினத்தன்மை 5. கிளிப் வைத்த வீல் வெயிட் ஏறக்குறைய 11, 12. லைமன் நம்பர் 2 என்கிற கலவை (90 பங்கு ஈயம், 5 வெள்ளீயம், 5 ஆன்டிமணி) 15 சொச்சம். லினோடைப்பில் 84 ஈயம், 12 ஆன்டிமணி, 4 வெள்ளீயம். அது 22-ஐத் தொடும். சுடும்போது குண்டின் அடியில் அழுத்தம் போதுமான அளவு இருந்தால் ஈயம் கொஞ்சம் விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதற்கு வார்ப்பவர்கள் வைத்திருக்கிற தோராயக் கணக்கு, பிரினெல் எண்ணை 1,422-ஆல் பெருக்குவது. .45 கோல்டுக்கு அனுமதித்த உச்ச அழுத்தமே 14,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) தான். வகுத்துப் பார், 10-க்குப் பக்கத்தில் வரும். அதாவது உன் வீல் வெயிட்டே இந்தத் தோட்டாவுக்குப் போதுமான கடினம், சொல்லப்போனால் ஒரு பிடி அதிகம். லினோடைப் போட்டால் குண்டு விரியவே விரியாது, படிவு இன்னும் கூடும்.

படிவு எந்த இடத்தில் என்று நீ சரியாகக் கவனித்திருக்கிறாய், அதுதான் இதில் பெரிய துப்பு. குழலின் வாய்ப்பக்கம் படிந்தால் லூப் பாதி வழியில் தீர்ந்துபோகிறது என்று சந்தேகப்படலாம். சிலிண்டர் பக்கம் படிந்தால் குண்டு சின்னது. பின்னாலிருந்து வரும் சூடான வாயு ஓரத்தில் நுழைந்து ஈயத்தை அரித்து, முன்னால் கொண்டுபோய் அப்புகிறது.

மலையோரம்

மாற்றுக் கருத்துக்கு மன்னிக்கவும். நான் .44 மேக்னமில் பிரினெல் 20 இருக்கும் குண்டுதான் பத்து வருஷமாகச் சுடுகிறேன், குழல் கண்ணாடி மாதிரி இருக்கிறது. கடினக் குண்டு எப்போதும் கெடுதல் என்று சொல்லிவிட முடியாது.

ஈயச்சட்டி

நீங்கள் சொல்வதும் சரிதான். .44 மேக்னம் 36,000 பி.எஸ்.ஐ. வரை போகிற தோட்டா. அங்கே 20 பிரினெல்லுக்கு வேலை இருக்கிறது. உங்கள் குண்டும் உங்கள் சிலிண்டருக்குப் பொருந்தின அளவில் இருந்திருக்கும். அளவு பொருந்திவிட்டால் கடினம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் துப்பாக்கி பொறுத்துக்கொள்ளும். அளவு தப்பினால் எந்தக் கலவையும் காப்பாற்றாது.

லேத்பட்டறை

தம்பி, 0.452 என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? டை பெட்டியில் ".45 கோல்ட்" என்று போட்டிருந்ததை வைத்தா?

நான் கோயம்புத்தூரில் டர்னராக இருந்தவன், இப்போது ஒஹாயோவில் ஒரு மெஷின் ஷாப்பில் இருக்கிறேன். பட்டறையில் ஒரு ஷாஃப்ட்டுக்கு புஷ் கடைவதென்றால் முதலில் ஷாஃப்ட்டை அளப்போம். இங்கேயும் அதே முறைதான். ரிவால்வரில் குண்டு நேராகக் குழலுக்குள் போவதில்லை. முதலில் சிலிண்டர் அறையின் முன்வாய் வழியாக, அதாவது த்ரோட் வழியாகப் போகிறது. ஆறு அறைக்கு ஆறு த்ரோட். த்ரோட் குழலின் க்ரூவ் (உள்சுவரில் சுருளாக ஓடும் பள்ளம்) விட்டத்தைவிடச் சின்னதாக இருந்தால், நீங்கள் எந்த அளவில் குண்டு போட்டாலும் அது வழியிலேயே நசுங்கிக் குழலுக்குள் லொடலொட என்று போகும்.

.45 கோல்டில் இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா இது. அந்தக் காலக் குழல்களின் க்ரூவ் 0.454. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தவை 0.451, 0.452 என்று இறங்கிவிட்டன. மோல்டு, டை, சிலிண்டர், குழல் எல்லாம் வேறுவேறு காலத்து எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும்?

இன்றே செய்யக்கூடிய சோதனை ஒன்று. துப்பாக்கி காலிதானா என்று இரண்டு தடவை பாருங்கள். சிலிண்டரைத் தனியாகக் கழற்றுங்கள். லூப் பூசாத, சைஸ் செய்த குண்டு ஒன்றை முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு த்ரோட்டிலும் வைத்து விரலால் தள்ளுங்கள். லேசான இறுக்கத்தோடு வழுக்கிப் போனால் நல்லது. தானாக விழுந்தால் குண்டு சின்னது. நுழையவே மறுத்தால் த்ரோட் சின்னது.

அப்புறம் குழல். தூண்டிலில் கட்டுவார்களே, முட்டை வடிவ ஈயம், அது சுத்த ஈயம். குழலைவிடச் சற்றே பெரியதாக ஒன்று எடுத்து, எண்ணெய் தடவி, வாய்ப்பக்கம் வைத்து மரச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்குங்கள். பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே வாருங்கள். சட்டகத்துக்குள் குழல் மரை ஏறி நிற்கும் இடத்தில் கை திடீரென்று இறுகினால் அங்கே குழல் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம், அதையும் எழுதுங்கள். வெளியே வந்த ஈயத்தை மைக்ரோமீட்டரில் அளங்கள். வெர்னியர் வேண்டாம், அரைத் தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கு அதில் தேறாது. உங்கள் குழலில் க்ரூவ் ஆறா ஐந்தா என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து என்றால் எதிரெதிரே க்ரூவ் வராது, சாதாரண மைக்ரோமீட்டர் பொய் சொல்லும்.

புதுவரவு

நடுவில் ஒரு கேள்வி. டாலஸில் இருக்கிறேன், எச்1பி விசா. இதெல்லாம் படிக்க ஆசையாக இருக்கிறது. நானும் வாங்கலாமா?

ஈயச்சட்டி

முதலில் சட்டம், பிறகு ஆசை. குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதற்கும் மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் யாரோ இணையத்தில் சொன்னதை நம்பி இதில் இறங்கக் கூடாது. குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

நெல்லை வாசகன்

எங்கள் பக்கம் தோட்டக் காவலுக்கு உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு இப்படி வீட்டில் வார்க்கலாமா ஐயா?

லேத்பட்டறை

கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி இந்தியாவில் தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்கு, உரிமம் பெற்ற கடையில் வாங்குவதுதான் வழி. இந்த இழையில் பேசுவது எல்லாம் இங்கே அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குச் செய்வது பற்றி. இங்கேயும் தோட்டா செய்து விற்கப் போனால் உரிமம் எடுக்க வேண்டும்.

சான் ஆன்டோனியோ தம்பி

அண்ணா, அளந்துவிட்டேன். ரேஞ்ச் நண்பர் ஒருவர் பின் கேஜ் (துளை அளக்கும் உருளைக் கம்பி) செட் கொடுத்தார்.

0.452 குண்டு ஒரு த்ரோட்டில்கூட நுழையவில்லை. மூக்கு மட்டும் போய் நின்றுவிட்டது. பின் கேஜில் ஆறு த்ரோட்டும் இப்படி: 0.449, 0.4495, 0.450, 0.4495, 0.449, 0.450. குழலில் தள்ளிய தூண்டில் ஈயம் 0.4515. க்ரூவ் ஆறு. மரை இருக்கும் இடத்தில் இறுக்கம் எதுவும் தெரியவில்லை, ஒரே சீராக வந்தது.

லேத்பட்டறை

இதுதான் காரணம். 0.452-இல் கிளம்பும் குண்டு த்ரோட்டில் நசுங்கி 0.449 ஆகிறது. பிறகு 0.4515 குழலுக்குள் விழுகிறது. இரண்டரைத் தௌ இடைவெளி. வாயு போவதற்கு அது போதும். த்ரோட்டுக்கு த்ரோட் அளவு மாறுவதால் ஆறு குண்டும் ஒரே விதமாகப் போவதில்லை. தட்டு அகலத்துக்குச் சிதறுவதற்கும் அதுவே காரணமாக இருக்கும்.

இரண்டு வழி. ஒன்று, மெத்தென்ற ஈயம் வார்த்து, அது குழலில் விரிந்து அடைத்துக்கொள்ளும் என்று நம்புவது. இரண்டு, ஆறு த்ரோட்டையும் ரீமர் (துளையை அகலமாக்கும் வெட்டுக்கருவி) போட்டு 0.4525-க்குத் திறப்பது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பைலட் வைத்த ரீமர், வெட்டெண்ணெய் தாராளமாக, ஒரே திசையில் கையால் மெதுவாகச் சுற்றி எடுக்க வேண்டும். நீங்களே செய்யாதீர்கள் தம்பி. எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது. துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள், அவருக்கு ஒரு மணி நேர வேலை.

ஃப்ரெஸ்னோ அக்கா

அளவு பேச்சுக்கு நடுவில் நான் வேறு ஒன்று சொல்ல வேண்டும். தம்பி, எங்கே வார்க்கிறீர்கள்? வீட்டில் குழந்தை உண்டா?

நான் மருத்துவமனையில் நர்ஸ். நானும் என் கணவரும் சேர்ந்துதான் வார்ப்போம். ஆரம்பத்தில் காராஜ் கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டுச் செய்தோம். கையுறை போட்டோம், கண்ணாடி போட்டோம், எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்தேன். வருடாந்திரப் பரிசோதனையில் எனக்கு ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராம் வந்தது. அன்று நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும், என் மகளுக்கு அப்போது மூன்று வயது. குழந்தைகளுக்கு 3.5-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று சி.டி.சி. (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) 2021-இல் கோட்டைக் கீழே இறக்கியது. நல்லவேளை, அவளுக்கு அதற்குள்தான் இருந்தது.

தேடிப் பார்த்ததில் ஆவி முக்கியக் காரணம் இல்லை. வார்க்கும் சூட்டில் ஈயம் பெரிதாக ஆவியாவதில்லை. தூசிதான் காரணம். சட்டியில் மேலே திரளும் கசடைக் கரண்டியால் வழித்துத் தகரத்தில் தட்டும்போது சாம்பல் நிறத்தில் பொடி பறக்கும். சுட்ட கேஸ்களை (காலிப் பித்தளை உறைகள்) தேய்க்கும் மெஷினைத் திறந்தால் வருகிற தூசி அதைவிட மோசம், ஏனென்றால் தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமரிலும் ஈயச் சேர்மம் உண்டு. அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்கினேன். கையைக் குளிர்ந்த நீரில் அலசிவிட்டு முறுக்கு எடுத்துச் சாப்பிட்டேன்.

இப்போது வெளியில் ஷெட்டில்தான் வார்க்கிறோம். அதற்கென்று தனிச் சட்டை, தனிச் செருப்பு, இரண்டும் வீட்டுக்குள் வராது. கசடுக்கு மூடி போட்ட தகர டப்பா. அங்கே சாப்பாடு, காபி, தண்ணீர் பாட்டில் எதுவும் கிடையாது. முடிந்ததும் ஈயம் போக்கும் சோப்பில் கை, முகம் கழுவிவிட்டுத்தான் உள்ளே. எட்டு மாதத்தில் எனக்கு 4-க்கு வந்தது. நீங்களும் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாருங்கள், தயவுசெய்து.

குழலில் படிந்த ஈயத்தை எடுக்க வினிகரும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் கலக்கச் சொல்வார்கள், அதையும் கேட்காதீர்கள். ஈயம் கரைந்து ஈய அசிடேட் ஆகும். தோல் வழியாகக்கூட உள்ளே போகும் விஷம் அது.

ஈயச்சட்டி

அக்கா சொன்னதை அப்படியே கேளுங்கள். கூடவே தண்ணீர் விஷயம். டெக்சாஸ் வெயிலில் வியர்வை சொட்டும். உருகின ஈயத்துக்கு அடியில் ஈரம் மாட்டினால் அது ஒரே நொடியில் ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து நீராவியாகும். சட்டியில் இருப்பதெல்லாம் முகத்துக்கு வரும். ஈரக் கட்டியைச் சூடான சட்டியில் ஒருபோதும் போடாதே. பழைய வீல் வெயிட்டைக் குளிர்ந்த சட்டியில் போட்டு, அதோடு சேர்த்தே சூடேற்று. கார் பேட்டரி ஈயத்தைத் தொடவே தொடாதே, அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும்.

வீல் வெயிட்டில் துத்தநாகம் கலந்திருக்கிறதா என்று பார்த்தாயா? இப்போது பாதிக்கு மேல் இரும்பும் துத்தநாகமும்தான் வருகிறது. கட்டிங் பிளையரால் ஓரத்தைக் கடித்துப் பார், ஈயம் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், துத்தநாகம் கடிபடாது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். அதனால் முதல் உருக்கலைச் சூடு ஏறவிடாமல் 350, 360-இல் வைத்தால் துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும், இரும்புக் கிளிப்போடு சேர்த்து வழித்துவிடலாம். தெரியாமல் உருகிவிட்டால் சட்டி முழுக்க ரவைக் கஞ்சி பதத்துக்குத் திரண்டுகொள்ளும், மோல்டின் ஓரங்கள் நிரம்பாது.

சான் ஆன்டோனியோ தம்பி

அக்கா, நன்றி. எனக்கு ஒன்றரை வயதில் பையன் இருக்கிறான். காராஜில்தான் வார்த்துக்கொண்டிருந்தேன், நேற்றோடு நிறுத்திவிட்டேன். இருவருக்கும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.

சிலிண்டரை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன். திரும்பி வரும்வரை ஒரு சந்தேகம். அடுத்த மோல்டு வாங்கினால் இந்தத் தட்டைமூக்கே போதுமா, கீத் வகை வாங்கலாமா?

மலையோரம்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், எனக்குப் பிடித்த விஷயம். எல்மர் கீத் ஐடஹோவில் பண்ணைக்காரராக வாழ்ந்தவர், துப்பாக்கிகளைப் பற்றி நிறைய எழுதியவர். 1920களின் கடைசியில் அவர் வரைந்த .44 குண்டுதான் 429421 என்ற எண்ணில் இன்றும் மோல்டாக வருகிறது. .45-க்கு அவருடையது 454424. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அவர் எதைப் பற்றிக் கவலைப்பட்டார் என்று புரியும். ஒரே அகலத்தில் மூன்று பட்டைகள், நடுவே சதுரமாக ஆழமான லூப் பள்ளம், கூர்மையான தோள், தட்டையான அடி. முன் பட்டை த்ரோட்டில் உட்கார்ந்து குண்டை நேராகப் பிடித்துக்கொள்ளும். காகிதத்தில் பேப்பர் பஞ்ச் போட்ட மாதிரி வட்டமாக ஓட்டை விழும்.

ஆனால் கீத் மோல்டு என்று விற்கிற எல்லாமே அவர் வரைந்தபடி இல்லை. முன் பட்டை மெலிந்து, பள்ளம் உருண்டு போனதும் உண்டு. தோள் கூர்மையாக இருப்பதால் வேகமாக நிரப்பும்போது சில சமயம் அறை வாயில் தட்டும். உங்கள் தட்டைமூக்கு அப்படித் தட்டாது. இலக்குச் சுடுதலுக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் நான் பார்த்ததில்லை. மூக்கைவிட அடிப்பக்கம்தான் முக்கியம். மோல்டின் மேல்தகட்டைச் சூடு ஆறுமுன் திறந்தால் அடியில் சின்னப் பள்ளம் பெயர்ந்து வரும். அந்தக் குண்டை மறுபடி சட்டியில் போடுங்கள், பாவம் பார்த்து வைத்துக்கொள்ளாதீர்கள்.

சான் ஆன்டோனியோ தம்பி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். சிலிண்டர் வந்தது. ஆறு த்ரோட்டும் 0.4525. இப்போது 0.452 குண்டு விரலால் தள்ளினால் பட்டு மாதிரி போகிறது. ஐம்பது தோட்டா சுட்டேன். படிவு முக்கால்வாசி குறைந்துவிட்டது. ஆனால் முழுக்கப் போகவில்லை. சிதறல் ஐந்து அங்குலத்துக்கு வந்திருக்கிறது. இன்னும் எங்கேயோ கசிகிறது.

லேத்பட்டறை

சந்தோஷம். இப்போது நிரப்பி முடித்த தோட்டா ஒன்றை எடுத்துச் சுத்தியல் வகைப் புல்லரில் தட்டிக் குண்டை வெளியே எடுங்கள். அதை அளந்து எழுதுங்கள்.

சான் ஆன்டோனியோ தம்பி

மூன்று தோட்டா பிரித்தேன். குண்டின் அடிப்பட்டை 0.450, 0.4495, 0.450! உள்ளே வைக்கும்போது மூன்றும் 0.452 இருந்தவை. எனக்கு நம்பவே முடியவில்லை.

லேத்பட்டறை

நினைத்தேன். உங்கள் பித்தளைக் கேஸே குண்டை நசுக்குகிறது. டை செட்டோடு வரும் எக்ஸ்பாண்டர் (கேஸ் வாயை விரிக்கும் கருவி) செம்பு உறை போட்ட குண்டுக்குக் கடைந்தது. உறைக் குண்டு 0.451-தான், அதுவும் கெட்டி. ஈயம் மெத்து, இறுகின கேஸுக்குள் அழுத்தினால் ஈயம்தான் விட்டுக்கொடுக்கும். வார்த்த குண்டுக்கென்று இரண்டு படி வைத்த எக்ஸ்பாண்டர் கிடைக்கும். முதல் படி கேஸ் உள்ளளவைக் குண்டைவிட ஒன்றிரண்டு தௌ மட்டும் சின்னதாக விடும், இரண்டாம் படி வாயைக் கொஞ்சம் திறந்து குண்டு நேராக உட்கார வழி செய்யும்.

கடைசியில் கிரிம்ப் போட, அதாவது கேஸ் வாயைக் குண்டின் மேல் மடக்கிப் பிடிக்க, எந்த டை உபயோகிக்கிறீர்கள்? வாயில் கார்பைடு வளையம் இருக்கிற வகையா?

சான் ஆன்டோனியோ தம்பி

ஆமாம் அண்ணா, அந்த வகைதான்.

லேத்பட்டறை

அதை எடுத்து வையுங்கள். அந்த வளையம் முடிந்த தோட்டாவை வெளியிலிருந்து மறுபடி ஒரு சுற்று பிழிகிறது, உள்ளே இருக்கும் ஈயமும் சேர்ந்து சுருங்குகிறது. சாதாரண ரோல் கிரிம்ப் போதும். ஆனால் கிரிம்ப் இல்லாமல் விடாதீர்கள், பின்னுதைப்பில் மற்ற அறைகளின் குண்டு முன்னால் நகர்ந்து சிலிண்டரைச் சுற்றவிடாமல் மாட்டிக்கொள்ளும்.

சான் ஆன்டோனியோ தம்பி

நேற்று ரேஞ்சுக்குப் போனேன். புது எக்ஸ்பாண்டர், ரோல் கிரிம்ப், அதே வீல் வெயிட் ஈயம், அதில் இரண்டு சதவீதம் வெள்ளீயம் மட்டும் கூடுதல். பிரித்துப் பார்த்த குண்டு 0.452-லேயே இருந்தது. அறுபது தோட்டா. முடிந்ததும் சிலிண்டரை எடுத்துவிட்டு, குழலில் உலர்ந்த துணித்துண்டு ஒன்றைத் தள்ளினேன். கரிதான் வந்தது. ஃபோர்சிங் கோனில் (சிலிண்டரை ஒட்டிக் குழல் ஆரம்பிக்கும் இடம்) விளக்கு அடித்து எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியாது, சரிகை இல்லை. 25 கெஜத்தில் மணல் மூட்டை மேல் வைத்து ஐந்து குண்டு, இரண்டு அங்குலத்துக்குள்.

பையனுக்கு ரத்த முடிவும் வந்தது, 1.2. எனக்கு 7. அக்கா, ஷெட் போட மரம் வாங்கியாயிற்று.

ஃப்ரெஸ்னோ அக்கா

இப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. மூன்று மாதம் கழித்து உங்களுக்கு மறுபடி எடுங்கள். ஷெட் தரைக்கு மரப்பலகை வேண்டாம், இடுக்கில் தூசி தங்கும். சிமெண்ட் போட்டு, ஈரத் துணியால் துடைக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். துடைப்பம் அங்கே வேண்டாம்.